நிலம் நிறைய இருக்கிறது, பாதை எங்கே? கொலராடோவில் எல்க் வேட்டைக்கு இடம் தேடுவது பற்றி

கேள்வி இதுதான்: "டென்வருக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் அக்டோபர் ஆனால் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டைக்குப் போகிறார்கள். நானும் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஆனால் எனக்குச் சொந்த நிலம் இல்லை, ராஞ்ச் (பெரிய மாட்டுப்பண்ணை) வைத்திருப்பவர் யாரையும் தெரியாது. பொது நிலம் நிறைய இருக்கிறது என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்டு உள்ளே போவது?"

முதலில் கடைசிப் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உரிமம் கையில் இருந்து, அந்தப் பகுதிக்கும் அந்தப் பருவத்துக்கும் அது செல்லும் என்றால், தேசிய வனத்துக்குள் நீங்கள் பாட்டுக்கு நடந்து போகலாம். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்ற பேச்சே முடிந்துவிட்டது, காப்புக்காட்டுக்குள் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். அப்படி வளர்ந்தவர்களுக்கு 'யாரிடம் கேட்பது' என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நிலத்துக்குப் போய்ச் சேர்வதற்குச் சட்டப்படி பாதை இருக்கிறதா என்பதுதான் அது. பதினோரு பருவங்களாக இந்த மலைகளில் அலைந்ததில் நான் கற்றது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

கொலராடோவின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மத்திய அரசின் நிலம். அதில் வனத்துறையின் தேசிய வனங்கள் சுமார் 1.4 கோடி ஏக்கர். நில மேலாண்மைப் பணியகத்திடம், அதாவது எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்கிறார்களே அதனிடம், சுமார் 83 லட்சம் ஏக்கர். உங்கள் தேடலில் பத்துக்கு ஒன்பது பங்கு இந்த இரண்டுக்குள் முடிந்துவிடும். வரைபடத்தில் தேசிய வனம் பச்சை, பி.எல்.எம். மஞ்சள், மாநில நிலம் நீலம், தனியார் பட்டா வெள்ளை. இந்த நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், காகித வரைபடமானாலும் கைபேசிச் செயலியானாலும் பெரும்பாலும் இதே நிறங்கள்தான்.

இதில் நீலத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மேற்கு மாநிலங்கள் உருவானபோது ஒவ்வொரு ஊர்ச்சதுரத்திலும் (ஒரு மைல் சதுர பிளாக்குகள் 36 சேர்ந்தது) 16-வது, 36-வது பிளாக்குகளைப் பள்ளிகளுக்கு வருமானம் வருவதற்காக மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்தது. வயோமிங்கில் அந்த நிலத்துக்குச் சட்டப்படி போய்ச் சேர முடிந்தால் பெரும்பாலும் வேட்டையாடலாம். கொலராடோவில் அப்படி இல்லை. இங்கே பள்ளி நிலம் பொதுமக்களுக்குத் திறந்த நிலம் கிடையாது, கொலராடோ பூங்கா வனவிலங்குத் துறை குத்தகைக்கு எடுத்துத் தன் பொது அணுகல் திட்டத்தில் சேர்த்திருக்கும் பிளாக்குகள் மட்டும்தான் திறந்தவை. நீல நிறத்தைப் பார்த்ததும் 'அரசு நிலம்தானே' என்று வேலி தாண்டிவிடாதீர்கள். தேசியப் பூங்காக்களும் வேட்டைக்கு இல்லை. ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் எல்க் கூட்டம் புல்வெளியில் நின்று உங்களையே பார்க்கும், பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

சரி, பாதை விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு மாநிலங்களில் நிலம் ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் வரைபடம் தானாகவே புரிய ஆரம்பிக்கும். 1862-இல் கண்டம் கடக்கும் ரயில்பாதை போட அமெரிக்க அரசிடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. பாதையின் இரு பக்கமும் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக, அதாவது 640 ஏக்கர் பிளாக்குகளாக அளந்து, ஒற்றைப்படை எண் பிளாக்குகளை ரயில் கம்பெனிக்குக் கொடுத்து, இரட்டைப்படையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1864-இல் அந்தப் பட்டையின் அகலத்தை இரு பக்கமும் 20 மைலாக ஆக்கினார்கள். விளைவு, தென் வயோமிங் முழுக்க ஒரு சதுரங்கப் பலகை. வெள்ளைக் கட்டம் தனியார், கறுப்புக் கட்டம் பொது. கறுப்புக் கட்டங்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டும்தான் தொடும். இன்னொரு பக்கம், அதே காலத்தில் இலவசமாக நிலம் எடுத்துக் குடியேறியவர்கள் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்குகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மேலே வறண்ட மேடும் காடும் யாருக்கும் வேண்டாமல் அரசிடம் தங்கின. சாலை போவதோ பள்ளத்தாக்கில். ஆக, சாலைக்கும் பொதுக் காட்டுக்கும் நடுவில் எப்போதும் யாருடையதாவது ஒரு பட்டா நிலம்.

இப்படிச் சுற்றி அடைபட்டு, எந்தப் பொதுப் பாதையும் தொடாமல் கிடக்கும் மத்திய அரசு நிலம் மட்டும் மேற்கின் 13 மாநிலங்களில் 95 லட்சம் ஏக்கர் என்று 2018-இல் ஒரு வேட்டையாளர் அமைப்பும் ஆன்எக்ஸ் என்ற வரைபட நிறுவனமும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். அதில் வயோமிங் ஒன்றில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல். மாநில நிலத்தையும் சேர்த்தால் மொத்தம் 1.5 கோடியைத் தாண்டுகிறது. நமக்கெல்லாம் சொந்தமான நிலம், நாம் போக முடியாத நிலம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆற்றாமை தெரியும்.

மூலை விஷயத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021-இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டையாளர்கள் வயோமிங்கின் எல்க் மலைப் பகுதியில், நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலையில் இருந்த சர்வே கல்லைக் கண்டுபிடித்து, அங்கே ஏணி ஒன்றை நிறுத்தி, ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்த பொதுக் கட்டத்துக்கு இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. அவர்கள் மேல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள், 2022-இல் ஜூரி விடுவித்தது. நில உரிமையாளரின் நிறுவனம் சிவில் வழக்கில், தன் வான்வெளியில் அத்துமீறிவிட்டார்கள் என்று லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டது. 2023-இல் மத்திய நீதிமன்றம், 2025 மார்ச்சில் 10-வது சர்க்யூட் (பல மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டும் வேட்டையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. பொது நிலத்தை யாரும் அடைத்துவைக்கக் கூடாது என்ற 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

ஆகவே 10-வது சர்க்யூட்டில் வரும் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமா ஆறிலும் இந்தத் தீர்ப்புச் செல்லும். மான்டானாவும் ஐடஹோவும் வேறு சர்க்யூட். மான்டானா அதிகாரிகள் மூலை தாண்டுவதை இன்னும் சட்டவிரோதம் என்றே சொல்கிறார்கள். இன்னொன்று, கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். மூலை என்பது ஒரு புள்ளி. பித்தளை மூடி போட்ட அந்த சர்வே கல்லைக் கண்ணால் பார்க்காமல் தாண்டாதீர்கள். முதல் வருஷம் மூலைகளை நம்பித் திட்டம் போடவே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இனி எனக்கு நடந்த ஒன்று. இரண்டாவது பருவம். மாநிலத்தின் வடமேற்கில் மஞ்சள் நிறத்தில் அழகான ஒரு பி.எல்.எம். திட்டு, நடுவில் ஆஸ்பன் தோப்பு, ஓடை. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சாலையிலிருந்து ஒரு வண்டித்தடம் நேராக அதற்குள் போவதாக வரைபடத்தில் கோடு இருந்தது. நள்ளிரவுக்குக் கிளம்பி நாலு மணி நேரம் ஓட்டிப் போனேன். மஞ்சள் தொடங்க 300 மீட்டர் இருக்கும்போது ஒரு கேட், சங்கிலி, பூட்டு. விடிந்ததும் பைனாகுலரில் பார்க்கிறேன், அந்தப் பக்கச் சரிவில் பதினைந்து இருபது எல்க் மேய்கின்றன. அது பொது நிலம்தான். நடுவில் 300 மீட்டர் வெள்ளை நிறம். கொஞ்ச நேரத்தில் ராஞ்ச்காரர் டிரக்கில் வந்தார். கோபப்படவில்லை. "இந்தத் தடம் என் தாத்தா மாடு ஓட்ட வெட்டினதுங்க. மேப்ல கோடு இருக்கும். ஆனா பாதை எங்களோடது" என்றார். பருவத்தின் தொடக்க நாள் போயிற்று.

வரைபடத்தில் ஒரு சாலை தெரிகிறது என்பதற்கு அர்த்தம் அங்கே சாலை இருக்கிறது என்பது மட்டும்தான். அதில் நீங்கள் போகலாமா என்பது தனிக் கேள்வி. நம் ஊரில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று புலப்படத்தில் இருந்தால் ஒரு கதை, பக்கத்து வயல்காரர் வரப்பில் போக விட்டால் இன்னொரு கதை, இல்லையா? அதே விஷயம்தான். கவுண்டி சாலை என்றால் கவலையில்லை. தேசிய வனச் சாலை என்றால் வனத்துறை இலவசமாக வெளியிடும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தைப் பாருங்கள், எந்தத் தடத்தில் எந்த வண்டி எந்தத் தேதி வரை போகலாம் என்று அதில் இருக்கும், அதில் இல்லாத தடத்தில் வண்டி ஓட்டக்கூடாது. மற்றத் தடங்களுக்குப் பாதை உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்திரம் இருந்தாலும் சில இடங்களில் அது அரசு ஊழியர்களுக்கு மட்டும். ரொம்ப நாளாக இந்தப் பத்திரங்கள் அலுவலக அலமாரிகளில் காகிதமாகக் கிடந்தன. அவற்றை மின்வரைபடமாக்கச் சொல்லி 2022-இல் ஒரு சட்டம் வந்தது, வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கொலராடோவில் தனியார் நிலத்துக்குப் பலகை மாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். வேலி இல்லை, பலகை இல்லை, அதனால் போனேன் என்று சொல்லித் தப்ப முடியாது. எல்லை எங்கே என்று தெரிந்துகொள்வது வேட்டையாளரின் பொறுப்பு. அதனால் செயலியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குள் சிக்னல் இருக்காது.

இடம் தேடுவதைச் சாலையிலிருந்து தொடங்குங்கள், காட்டிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அழகான மலையைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு வழி தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்கிறேன். பொதுச் சாலைகளை மட்டும் எடுத்து, அவை எங்கெல்லாம் பச்சையையோ மஞ்சளையோ நேரடியாகத் தொடுகின்றன என்று குறிக்கிறேன். அந்தப் புள்ளிகளில் நடைபாதைத் தொடக்கமும் பெரிய வண்டி நிறுத்துமிடமும் இருப்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். ஓர் ஓரத்தில் வண்டியை நிறுத்த இடம் இருக்கும், பாதை இருக்காது, முதல் அரை மைல் செங்குத்தாக ஏறும். அப்படிப்பட்ட இடங்கள்தான் எனக்கு எல்க் கொடுத்திருக்கின்றன. 'சாலையிலிருந்து தூரம் போ' என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். நல்ல நடைபாதையில் நாலு மைல் உள்ளே போனால் குதிரையில் வந்தவர்கள் உங்களுக்கு முன் கூடாரம் போட்டிருப்பார்கள். சாலைக்கும் அந்த நடைபாதைக்கும் நடுவில், எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகும் அடர்ந்த சரிவில் எல்க் படுத்திருக்கும்.

அப்புறம் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வடக்குச் சரிவுகளைப் பாருங்கள். நிழலும் ஈரமும் அங்கேதான், பகலில் எல்க் படுப்பதும் அங்கேதான். அதன் கீழோ பக்கத்திலோ ஒரு சிறு புல்வெளியும் தண்ணீரும் இருந்தால் ஒரு நாளின் சுற்று முடிந்தது. இப்படி மூன்று இடங்கள் தேர்ந்தெடுங்கள். ஒன்று போதாது, ஏனென்றால் தொடக்க நாள் விடியலில் அங்கே ஐந்து வண்டி நிற்கலாம்.

பிறகு ஜூலை கடைசியில் போய் நடங்கள். இதற்கு மாற்றே இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஃப்ளாட் டாப்ஸ் பக்கம், பத்தாயிரம் அடிக்குக் கொஞ்சம் கீழே, வரைபடத்தில் ஒன்றுமே தெரியாத ஒரு தட்டில் நின்றேன். முதலில் வந்தது வாடை, மாட்டுத்தொழுவத்தின் வாடை, கொஞ்சம் காட்டமாக. இருபது தப்படி நடந்தால் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே எல்க் புரளும் ஒரு சேற்றுப் பள்ளம். கரையில் குளம்பு பதிந்த தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது, அதாவது எல்க் எழுந்து போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஆஸ்பன் பட்டையில் என் மார்பு உயரத்துக்குக் கொம்பு தேய்த்த பழைய வடு, கறுத்துப்போய், அதன் மேல் போன வருஷத்து வடு, அதற்கு மேல் காய்ந்த சேறும் இரண்டு மூன்று பழுப்பு மயிரும். ஒரே மரத்தில் மூன்று வருஷக் கணக்கு. இதை எந்தச் செயலியும் காட்டாது. அங்கிருந்து சாலை ஒன்றேகால் மைல்தான்.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பெரிய ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினாலும் இறைச்சி 80-100 கிலோ வரும், கூடத் தலையும் உங்கள் சாமான்களும். தனியாள் நாலு நடை. மூன்று மைல் உள்ளே என்றால், சுமையோடு நாலு முறை வெளியே, வெறுங்கையோடு மூன்று முறை உள்ளே, மொத்தம் 21 மைல் மலைப்பாதை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது இங்கே குற்றம், எனக்கு அது சட்டத்துக்கு மேலான விஷயம். இந்தக் கணக்கை உங்கள் உடம்பு தாங்கும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை மைல் நல்ல தூரம்.

உரிமத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநிலம் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, பல உரிமங்கள் ஏப்ரல் முதல் செவ்வாயோடு முடியும் குலுக்கலில்தான் கிடைக்கும். இரண்டாம், மூன்றாம் துப்பாக்கிப் பருவங்களில் ஆண் எல்க்குக்குக் குலுக்கல் இல்லாமல் நேரே வாங்கும் உரிமம் பல பகுதிகளில் இருக்கிறது. முதல் வருஷத்துக்கு அதுவே போதும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, அந்த வருஷத்துக் கையேட்டையே பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து இங்கே வசித்தவர் என்பதால் உங்களுக்கு உள்ளூர்க் கட்டணம், வெளிமாநிலத்தவர் கொடுப்பதில் அது ஒரு சிறு பங்குதான். பக்கத்து வயோமிங்குக்குப் போக நினைத்தால் ஒன்று: வெளிமாநிலத்தவர் அங்கே வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் பெரிய விலங்கு வேட்டையாட முடியாது.

நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. நம்மவர்கள் பலர் ஹெச்-1பி-யில் இருப்பதால் சொல்கிறேன். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் கைக்கு வரும் முன் நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சிக்குக்கூடத் தொடாதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

தனியார் நிலத்தையும் முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். மாநிலம் பணம் கொடுத்துத் தனியார் நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் திட்டங்கள் மேற்கில் பல மாநிலங்களில் உண்டு. மான்டானாவின் பிளாக் மேனேஜ்மென்ட் அதில் பேர்பெற்றது, சுமார் 70 லட்சம் ஏக்கர். கொலராடோவில் நடந்துபோகும் அணுகல் திட்டம் என்று சிறிய அளவில் இருக்கிறது. நேரே ராஞ்ச்காரரிடம் போய்க் கேட்பதும் தப்பில்லை, ஆனால் அக்டோபரில் போகாதீர்கள். மே, ஜூனில் போங்கள். வேட்டையாட விடுங்கள் என்று கேட்பதைவிட, உங்கள் நிலத்தின் ஓரமாகப் பின்னாலிருக்கும் பொதுக் காட்டுக்கு நடந்து போகலாமா என்று கேளுங்கள். நான் கேட்ட ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் சரி என்றார்கள். அதில் ஒருவருக்கு வருஷா வருஷம் ஒரு நாள் வேலி சரிசெய்யக் கூடப் போகிறேன். பொது நிலத்திலும் அவர்களுடைய மாடுகள் உரிமத்தோடு மேயும். கேட் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போங்கள்.

இந்த நிலம் எப்போதும் இப்படியே இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜூனில் லட்சக்கணக்கான ஏக்கர் பொது நிலத்தை விற்கும் ஒரு பிரிவை செனட்டில் பட்ஜெட் மசோதாவோடு சேர்க்கப் பார்த்தார்கள். வேட்டையாளர்கள், மீன்பிடிப்பவர்கள், மலையேறுபவர்கள் என்று கட்சி பார்க்காமல் எல்லோரும் எதிர்த்ததில் அது திரும்பப் பெறப்பட்டது. நானும் அன்று என் செனட்டர்களின் அலுவலகத்துக்கு அழைத்தேன். நீங்களும் அந்த எண்களைச் சேமித்து வையுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. மூன்று இடங்களைக் குறித்ததும், அந்தப் பகுதியின் பி.எல்.எம். கள அலுவலகத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ ஒரு வேலைநாள் காலையில் போன் செய்யுங்கள். 'எல்க் எங்கே இருக்கும்' என்று கேட்காதீர்கள், தினமும் பத்துப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். சாலையின் எண்ணைச் சொல்லி, "இந்தச் சாலையில் பொதுமக்களுக்குப் பாதை உரிமை இருக்கிறதா, எந்த மைல் வரை, எந்தத் தேதியில் கேட் பூட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.